மைனஸ் க்யூ போதவில்லை: ஒரு மேவன் பில்டின் லாக்கை அடக்கிய அனுபவம்

நிரலைத் தானாகவே கட்டிச் சோதிக்கும் எங்கள் சிஐ சர்வரில் பில்ட் விழுந்திருந்தது. காரணம் பார்க்க லாக்கை, அதாவது பில்ட் ஓடும்போது எழுதப்படும் பதிவைத் திறந்து நேராகக் கடைசி வரிக்குப் போனேன். அங்கே பிழை எதுவும் இல்லை. லாக்கின் அளவு 4194304 பைட் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது, வேலை தொடர்ந்து ஓடும், ஆனால் இனி எதையும் பதிவு செய்ய மாட்டேன் என்று ஒரே ஒரு அறிவிப்பு. 4 எம்பி நிரம்பியதும் சர்வர் எழுதுவதை நிறுத்திவிட்டது. பில்ட் எதனால் விழுந்தது என்று சொல்கிற வரி அதற்கப்புறம் வந்து, பதிவாகாமலே போய்விட்டது.

எங்களுடையது ஜாவா ப்ராஜெக்ட். பதினான்கு மாட்யூல்கள், அவற்றைக் கட்டும் கருவி மேவன் 3.8, ஜாவாவுக்கு ஜேடிகே 17. அந்த வாரம்தான் ஏபிஐ க்ளையன்ட் மாட்யூலில் புதிதாக நிறைய டெஸ்ட்கள் சேர்த்திருந்தோம். லாக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பில்ட் பச்சையாக இருக்கும்வரை லாக்கை யார் திறக்கிறார்கள்?

அவசரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மேவன் கட்டளையில் மைனஸ் க்யூ (-q), அதாவது சத்தமில்லாமல் ஓடு என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். மறுபடி ஓட்டியதும் லாக் 4 எம்பிக்குள் அடங்கியது, விழுந்த டெஸ்டின் பெயர் தெரிந்தது, சரி செய்தோம். மைனஸ் க்யூவை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அதற்கான விலை இரண்டு வாரம் கழித்து வந்தது.

டெஸ்டிங் பார்க்கும் தோழி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "தமிழ் மெயில் எல்லாம் கேள்விக்குறியா வருது, பாத்தீங்களா?" புதிதாக எழுதிய அறிவிப்பு மாட்யூலிலிருந்து போகும் மின்னஞ்சல் அது. "வணக்கம்" என்று தொடங்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று இருந்தது. அந்த எண்ணிக்கையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. வணக்கம் என்ற சொல்லில் யூனிகோட் கணக்குப்படி ஏழு குறிகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறைக்கு என்கோடிங் என்று பெயர்; யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட். ஏழு மூன்று இருபத்தொன்று. யாரோ இந்தக் கோப்பை, ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரிந்த ஆஸ்கி என்று நினைத்துப் படித்து, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்.

என் கணினியில் பில்ட் செய்தால் மெயில் ஒழுங்காக வந்தது. சிஐயில் உருவான ஜாரை, அதாவது கட்டி முடித்த ஜாவா தொகுப்பைத் திறந்து பார்த்தால் உள்ளேயே கேள்விக்குறிகள்தான். அப்படியானால் பிழை ஓடும்போது இல்லை, கட்டும்போது. சிஐ கட்டளையிலிருந்து மைனஸ் க்யூவை எடுத்துவிட்டு ஓட்டினேன். அந்த மாட்யூல் தொடங்கிய நாலைந்து வரிக்குள் எச்சரிக்கை வந்தது: கோப்புகளுக்கு என்கோடிங் எதுவும் குறிப்பிடவில்லை, அதனால் இந்தக் கணினியின் என்கோடிங்கை எடுத்துக்கொள்கிறேன், ஆகவே இந்த பில்ட் கணினிக்குக் கணினி மாறக்கூடியது என்று கோப்புகளை நகலெடுக்கும் மேவன் துணைநிரலான ரிசோர்சஸ் பிளகின் தெளிவாகச் சொல்லியிருந்தது. எந்த என்கோடிங் என்பதையும் பெயரோடு சொன்னது. சிஐயில் பில்ட் ஓடும் கன்டெய்னரில் லொக்கேல், அதாவது மொழி அமைப்பு, எதுவும் அமைக்கவில்லை என்பதால் அது ஆஸ்கி.

புதிய மாட்யூலின் பாம் கோப்பு, அதாவது அதை எப்படிக் கட்டுவது என்று மேவனுக்குச் சொல்லும் கோப்பு, எங்கள் பொதுவான பேரன்ட் பாமிலிருந்து வரவில்லை, தனியாக நின்றது. அதனால் பேரன்டில் இருந்த சோர்ஸ் என்கோடிங் அமைப்பு அதற்குக் கிடைக்கவில்லை. மெயில் வார்ப்புருவில் பதிப்பு எண்ணை நிரப்புவதற்காக ஃபில்டரிங் வேறு போட்டிருந்தோம். ஃபில்டரிங் இல்லாவிட்டால் மேவன் கோப்பைப் பைட் மாறாமல் நகலெடுக்கும், எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டரிங் இருந்தால் உரையாகப் படித்து உரையாக எழுத வேண்டும், என்கோடிங் அங்கேதான் தலையிடுகிறது. ஜேடிகே 18 முதல் ஜாவாவின் இயல்பு என்கோடிங்கே யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. நாங்கள் 17-இல் இருந்தோம்.

ஒரு வரியில் தீர்ந்தது. பாமின் பேரன்டைச் சரியாகக் காட்டினேன், தமிழ் திரும்பி வந்தது. ஆனால் எனக்கு அது சமாதானம் ஆகவில்லை. மேவன் இரண்டு வாரமாக ஒவ்வொரு பில்டிலும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயைக் கட்டியது நான். மேவனில் மைனஸ் க்யூ என்றால் எரர் மட்டும் தெரியும், அதற்குக் கீழே உள்ள எதுவும் தெரியாது. தகவல் வரிகள் போவது பரவாயில்லை, எச்சரிக்கைகளும் சேர்ந்து போய்விடுகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலத்தான். அன்றைக்கே உட்கார்ந்து இதை முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, இந்த 4 எம்பியையும் யார் பேசித் தீர்த்தது என்று கண்டுபிடிப்பது. அதற்கு சிஐயில் நடப்பதை என் கணினியிலேயே நடத்திக் காட்ட வேண்டும். சிஐயில் ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் புதிதாகப் பிறக்கும், நூலகங்கள் எல்லாம் புதிதாக இறங்கும். என் கணினியில் அவை ஏற்கெனவே இருக்கும். அதனால் மேவனுக்கு, இறக்கிய நூலகங்களை வைக்கும் லோக்கல் ரெப்போவாக ஒரு வெற்று ஃபோல்டரைக் காட்டினேன். மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல் என்ற ப்ராபர்ட்டியை மைனஸ் டியில் கொடுத்தால் போதும். மைனஸ் எல் கொடுத்து லாக் முழுவதையும் ஒரு கோப்புக்குத் திருப்பினேன்.

அப்புறம் இன்னொரு அமைப்பு. இது தெரிந்ததும் வேலை பாதியாகக் குறைந்தது. 2013-இல் வந்த மேவன் 3.1.0 முதல் மேவனின் லாக் எல்லாம் எஸ்எல்எஃப்4ஜே என்ற லாக் நூலகம் வழியாகத்தான் போகிறது. அதற்குப் பின்னால் சிம்பிள் லாகர் என்ற எளிய அமைப்பு இருக்கிறது. மேவன் நிறுவிய ஃபோல்டருக்குள் கான்ஃப், அதற்குள் லாகிங் என்று போனால் சிம்பிள்லாகர் டாட் ப்ராபர்ட்டீஸ் என்ற கோப்பு கிடைக்கும். அதில் ஷோ லாக் நேம் என்ற அமைப்பு ஃபால்ஸ் என்று இருக்கும். கோப்பைத் தொட வேண்டியதில்லை, அதே ப்ராபர்ட்டியை ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குக் கொடுத்து ட்ரூ ஆக்கினால் ஒவ்வொரு வரியோடும் அதை எழுதிய கிளாஸின் பெயரும் வந்துவிடும். எந்த வரி எந்த பிளகினுடையது என்று அதற்கப்புறம் ஊகிக்கத் தேவையில்லை.

லாக் கோப்பு கிட்டத்தட்ட 5 எம்பி, சுமார் 40 ஆயிரம் வரிகள். மேவன் எழுதும் வரி சதுர அடைப்புக்குள் இன்ஃபோ, வார்னிங், எரர் என்று ஏதாவது ஒரு நிலையோடு தொடங்கும். அப்படித் தொடங்கும் வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டு எண்ணினேன். 9 ஆயிரத்துச் சொச்சம்தான். மீதி 30 ஆயிரம் வரிகள் மேவன் பேசியதே இல்லை. மைனஸ் க்யூ போட்டும் லாக் மயிரிழையில்தான் வரம்புக்குள் வந்தது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த 30 ஆயிரம் எங்கிருந்து? வரிகளைப் பார்த்தேன். மணி, நிமிடம், வினாடி, மில்லிவினாடி, அப்புறம் சதுர அடைப்பில் த்ரெட்டின் பெயர், அடுத்து டீபக் என்ற சொல், ஒரு கிளாஸ் பெயர், ஒரு கோடு, செய்தி. ஜாவாவில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முகம் தெரியும். இது லாக்பேக் என்ற லாக் நூலகத்தின் இயல்பு வடிவம். லாக்பேக் தன் அமைப்புக் கோப்பைத் தேடும், எதுவும் கிடைக்காவிட்டால் தானே ஒன்றை அமைத்துக்கொள்ளும். திரையில் எழுது, நுணுக்கமான டீபக் நிலை முதல் எல்லாவற்றையும் எழுது என்பதுதான் அந்த அமைப்பு. எங்கள் அமைப்புக் கோப்பு வெப் மாட்யூலில் மட்டும் இருந்தது. ஏபிஐ க்ளையன்ட் மாட்யூல் அதைச் சார்ந்து இல்லை, அதனால் அதன் டெஸ்ட்கள் ஓடும்போது லாக்பேக்குக்கு எந்தக் கோப்பும் கிடைக்கவில்லை.

அந்த மாட்யூல் வலைக் கோரிக்கைகளை அனுப்ப அப்பாச்சி எச்டிடிபி க்ளையன்ட் 5 என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் ஒயர் என்ற லாகர் இருக்கிறது. டீபக் நிலையில் அது கம்பியில் போகிற வருகிற ஒவ்வொரு பைட்டையும் எழுதிவிடும். தலைப்புகள், ஜேசான் உடல், எல்லாம். எங்கள் டெஸ்ட் தரவில் தமிழ்ப் பெயர்கள் நிறைய. ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட் என்றால் ஒயர் லாகர் அதை எழுத்தாகக் காட்டாது, சதுர அடைப்புக்குள் ஹெக்ஸ் எண்ணாக எழுதும். "வ" என்ற ஒரே எழுத்துக்கு ஈ0, ஏஈ, பி5 என்று மூன்று பைட், மூன்று அடைப்புகள். ஒரு ஊர்ப் பெயர் ஒரு முழு வரியைத் தின்றது. எங்கள் லாக் வீங்கியதன் மையம் இதுதான். மேவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டெஸ்ட் தனி ஜேவிஎம்மில் ஓடுகிறது, அது திரையில் எழுதுவதை ஷ்யூர்ஃபயர் பிளகின் வாங்கி அப்படியே கடத்திவிடுகிறது. மைனஸ் க்யூ அதைத் தொடுவதே இல்லை.

இதற்கு மருந்து லாக்பேக்-டெஸ்ட் டாட் எக்ஸ்எம்எல். லாக்பேக் தேடும்போது இந்தப் பெயரைத்தான் முதலில் தேடும், அப்புறம்தான் வெறும் லாக்பேக் டாட் எக்ஸ்எம்எல். உள்ளே பெரிதாக ஒன்றும் வேண்டாம்: திரையில் எழுத ஒரு அப்பெண்டர், அதற்கு ஒரு வரி வடிவம், எல்லாவற்றுக்கும் பொதுவான ரூட் லாகரின் நிலை வார்ன், அதாவது எச்சரிக்கையும் அதற்கு மேலும் மட்டும். இதை ஒவ்வொரு மாட்யூலிலும் நகல் எடுத்து வைத்தால் அடுத்த புதிய மாட்யூலில் மறுபடி மறந்துவிடுவோம். எங்களிடம் டெஸ்ட் உதவிக்கென்றே ஒரு சின்ன மாட்யூல் இருந்தது, எல்லோரும் அதை டெஸ்டுக்கு மட்டும் பயன்படும்படி டெஸ்ட் ஸ்கோப்பில் சேர்த்திருந்தார்கள். கோப்பை அங்கே ஒரே இடத்தில் வைத்தேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நூலக மாட்யூலின் மெயின் ரிசோர்சஸில் லாக்பேக் டாட் எக்ஸ்எம்எல் வைக்காதீர்கள். அது ஜாருக்குள் போய், அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறவரின் லாக் அமைப்போடு மோதும்.

அதோடு ஷ்யூர்ஃபயரில் ரீடைரக்ட் டெஸ்ட் அவுட்புட் டு ஃபைல் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினேன். இப்போது டெஸ்ட் திரையில் எழுதுவதெல்லாம் டார்கெட் ஃபோல்டரில் ஷ்யூர்ஃபயர்-ரிப்போர்ட்ஸுக்குள், டெஸ்ட் கிளாஸின் பெயரோடு அவுட்புட் என்று முடியும் தனித்தனி டெக்ஸ்ட் கோப்புகளாகப் போகிறது. டெஸ்ட் விழுந்தால் அந்த எக்ஸெப்ஷன் மட்டும் பில்ட் லாக்கில் வரும். சிஐயில் இந்த ஃபோல்டரை, பில்ட் விழுந்தாலும் எடுத்து வைக்கும்படி அமைத்திருக்கிறேன். இதை மறந்தால் கன்டெய்னரோடு கோப்புகளும் போய்விடும், திரும்பவும் கண்ணைக் கட்டிக்கொண்ட நிலைதான்.

அடுத்தது மேவனின் 9 ஆயிரம் வரிகள். ஏறக்குறைய 7 ஆயிரம் டவுன்லோடு வரிகள். ஒரு நூலகத்துக்கு ஒரு பாம், ஒரு ஜார். ஒவ்வொன்றுக்கும் இறக்கத் தொடங்கினேன் என்று ஒரு வரி, இறக்கி முடித்தேன் என்று ஒரு வரி. ஒரு நூலகம் என்றால் நான்கு வரி. மைனஸ் பெரிய பி, அதாவது பேட்ச் மோடு, இதைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓடிக்கொண்டே மாறும் முன்னேற்றக் கணக்கை மட்டும்தான் நிறுத்தும், இந்த வரிகள் வரும். இவற்றை நிறுத்துவது மைனஸ் என்டிபி, 2019-இல் மேவன் 3.6.1-இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் லிஸனர் கிளாஸின் முழுப் பெயரையும் எழுதி அதன் நிலையை வார்ன் ஆக்குவோம். பழைய சிஐ கோப்புகளில் அந்த நீண்ட வரியைப் பார்த்தால் இனி தைரியமாக எடுத்துவிடலாம்.

லோக்கல் ரெப்போவைச் சிஐயில் கேஷ் செய்வது வேறு வேலை. அதையும் செய்தோம், நேரம் மிச்சமானது. ஆனால் கேஷ் காலியாகும் நாளில் லாக் திரும்ப வீங்கக் கூடாது என்பதால் மைனஸ் என்டிபி இருக்கட்டும்.

மிச்சம் இருந்ததில் அதிகம் பேசியது ஷேட் பிளகின். பெரிய ஜாருக்குள் எந்தெந்த ஜாரைச் சேர்த்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். ஷோ லாக் நேம் போட்டதால் அதன் கிளாஸ் பெயர் கையில் இருந்தது. சிம்பிள் லாகரில் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு மட்டும் நிலை கொடுக்க முடியும். ஷேட் மோஜோ என்ற அந்த கிளாஸுக்கு மட்டும் வார்ன் என்று கொடுத்தேன். சேர்த்த பட்டியல் நின்றது. இரண்டு ஜார்களில் ஒரே கிளாஸ் இருக்கிறது என்று அது சொல்லும் எச்சரிக்கை தொடர்ந்து வருகிறது, அது எனக்கு வேண்டும். மற்ற பிளகின்களைத் தொடவில்லை. எந்த மாட்யூல் கட்டப்படுகிறது, எந்த பிளகின் ஓடுகிறது, கடைசியில் மாட்யூல் வாரியாக எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் இன்ஃபோ வரிகள்தான். அவை லாக்குக்கு முதுகெலும்பு.

ஒன்றைக் கூட்டவும் செய்தேன். சிம்பிள் லாகரில் ஷோ டேட் டைமை ட்ரூ ஆக்கி, மணி நிமிடம் வினாடி மட்டும் வரும்படி வடிவம் கொடுத்தேன். வரியின் நீளம் கொஞ்சம் கூடியது. ஆனால் லாக்கை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாலே எங்கே நேரம் தாவுகிறது என்று தெரிகிறது. ஒரு மாட்யூலில் ஒன்றும் சொல்லாமல் நாற்பது வினாடி போவதை இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இவை எல்லாம் சிஐ கட்டளையில் இருந்தால் சிஐக்கு மட்டும்தான் பயன். ப்ராஜெக்டின் தலை ஃபோல்டரில் டாட் எம்விஎன் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் இரண்டு கோப்புகள் வைத்தேன். மேவன் டாட் கான்ஃபிக்கில் மைனஸ் பெரிய பி, மைனஸ் என்டிபி. ஜேவிஎம் டாட் கான்ஃபிக்கில் சிம்பிள் லாகரின் ப்ராபர்ட்டிகள். இரண்டும் எங்கள் நிரல் இருக்கும் கிட்டில் (Git) போய்விடும், எல்லோருக்கும் ஒரே மாதிரி.

அன்று மாலையே ஒரு தம்பி வந்து நின்றான். "அண்ணா, எனக்கு பில்டே ஓடல. மைனஸ் என்டிபி தெரியாதுங்குது." அவன் கணினியில் இருந்தது மேவன் 3.6.0. ஒரே ஒரு படி பழையது. அதற்குத் தெரியாத விருப்பத்தைக் கொடுத்தால் அது தொடங்கவே தொடங்காது. அவனைத் தனியாக மேம்படுத்தச் சொல்வதை விட ப்ராஜெக்ட்டுக்கே மேவன் ராப்பர் சேர்த்துவிட்டோம். எந்தப் பதிப்பு என்பது டாட் எம்விஎன்னுக்குள்ளேயே எழுதியிருக்கும், ராப்பர் அதையே இறக்கி ஓட்டும். அந்தச் சாக்கில் 3.9-க்குப் போனோம். அங்கே ஒரு சின்ன இடறல்: 3.9.0 முதல் மேவன் டாட் கான்ஃபிக்கில் ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு ஆர்கியுமென்டாக எடுத்துக்கொள்ளப்படும். நான் இரண்டு விருப்பங்களையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் எழுதியிருந்தேன். வரிக்கு ஒன்றாகப் பிரித்து எழுதியதும் சரியானது.

மேவனை டீபக் நிலையில் ஓட்டும் மைனஸ் பெரிய எக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பில்ட் விழுந்ததும் சிஐயில் அதைச் சேர்த்து மறுபடி ஓட்டுவது எங்கள் குழுவில் பழக்கமாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். லாக்கின் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். டீபக் நிலையில் மேவன் ஒவ்வொரு பிளகினுக்கும் கொடுக்கும் அமைப்புகளைப் பெயரும் மதிப்புமாக அச்சடிக்கும். தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் பிளகின் ஒன்றுக்கு நாங்கள் கடவுச்சொல் கொடுத்திருந்தோம். எக்ஸ் போட்ட ஒரு லாக்கில் அது அப்படியே கிடந்தது, குழுவில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய லாக் அது. அந்தக் கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம். முதலில் மைனஸ் சிறிய ஈ போடுங்கள், அதில் பிழை எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் வரும். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் உங்கள் கணினியில், விழுந்த மாட்யூலை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ் போடுங்கள்.

கடைசியாக, எச்சரிக்கைகள். அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, யாராவது பார்க்கவும் வேண்டும். மேவன் 4-இல் இதற்கென்றே ஃபெயில் ஆன் செவெரிட்டி என்ற விருப்பம் சேர்த்திருக்கிறார்கள், எச்சரிக்கை வந்தாலே பில்டை விழவைக்கலாம். நாங்கள் இன்னும் 3-இல் இருப்பதால் சிஐ வேலையின் முடிவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். லாக் கோப்பில் வார்னிங் என்று தொடங்கும் வரிகளை எடுத்து, மீண்டும் வருவதை நீக்கி, எண்ணிக்கையோடு கடைசியில் காட்டும். எண்ணிக்கை நேற்றை விடக் கூடினால் அதை யார் கூட்டினாரோ அவர் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது முழு பில்டின் லாக் ஆயிரத்து எண்ணூறு வரி, 200 கேபிக்குக் கீழே. கடைசி வரியில் ஒன்பது எச்சரிக்கைகள் என்று இருக்கிறது. அதில் ஒன்று, ஒரு பாமில் ஒரே நூலகம் இரண்டு பதிப்பு எண்களோடு இரண்டு தடவை எழுதியிருக்கிறது என்பது. அப்படி இருந்தால் மேவன் 3 பின்னால் எழுதியதைத்தான் எடுத்துக்கொள்ளும். எங்கள் பாமில் பின்னால் இருப்பது பழைய பதிப்பு. திங்கட்கிழமை அதிலிருந்து தொடங்குகிறேன்.